கால் படுமுன் போட்ட அரிசி

நல்லது நடந்தால் எல்லோரும்தான் சாமிக்கு நன்றி சொல்வார்கள். என் அண்ணன் மனைவி கெட்டது நடந்தாலும் சொல்வாள். சட்டி உடைந்தால், "நல்ல வேளை, கஞ்சி குடிச்ச பெறகு ஒடஞ்சுச்சு" என்பாள். கீரி வந்து கோழியைத் தூக்கிக்கொண்டு போனால், "நல்ல வேளை, குஞ்சுகள விட்டுட்டுப் போச்சு" என்பாள். ஒரு ஆடி மாதம் மேல்காற்று எங்கள் வீட்டுக் கூரையில் பாதியைப் பிய்த்துக் கொண்டுபோய்ப் பக்கத்துச் சோளக்காட்டில் போட்டது. வீட்டுக்குள் உட்கார்ந்தபடியே ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மதினி அண்ணாந்து பார்த்துவிட்டு, "நல்ல வேளை, காத்துல போச்சு. மழையில போயிருந்தா நனைஞ்சிருப்போம்ல" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மதினியை எனக்குப் பிடிக்கும். அந்த இரண்டு வார்த்தையைத்தான் பிடிக்காது. நான் சுபாவத்தில் சிடுமூஞ்சி. அதற்குக் காரணமும் உண்டு. இளவட்டமாக இருந்தபோது வண்டிச் சக்கரம் ஏறி என் வலது கால் வளைந்துபோனது. நொண்டிக்கு யாரும் பெண் கொடுக்க வரவில்லை. மாட்டுக்கொட்டத்தை ஒட்டி ஒரு சாய்ப்பு இறக்கி அதில் படுத்துக்கொள்வேன். மதினி ஊரில் இருக்கும் மாதங்களில் சோறு அவள் கையால். ஒருநாள் கஞ்சி ஊற்றும்போது என் காலைப் பார்த்துக்கொண்டே, "நல்ல வேளை, கொழுந்தனாருக்குக் காலு இப்படி ஆச்சு. இல்லாட்டி இவரும் மலைக்குப் போயிருப்பாரு" என்றாள். கஞ்சிக் கும்பாவைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன். ஒரு மனுசன் காலை வைத்தா சாமிக்கு நன்றி சொல்வது? சாயங்காலம் அவளே வந்து கூப்பிட்டாள். பசி பொறுக்காமல் போய் உட்கார்ந்தேன்.

மலை என்றால் ஏல மலை. போடியில் பாதி வீடுகளுக்கு அதுதான் சோலி. ஆடி பிறந்ததும் கங்காணி ஆள் சேர்ப்பான். கம்பு, கருவாடு, உப்பு, கம்பளி எல்லாவற்றையும் தலையில் வைத்துக்கொண்டு குடும்பம் குடும்பமாக ஏறுவார்கள். அந்தப் பக்கம் விடாத மழையில், அட்டைக் கடியில் காய் எடுப்பார்கள். மாசியில் இறங்குவார்கள். பங்குனி வெயில் ஏறிவிட்டால் மலைக் காய்ச்சல் ஆளை உருக்கிவிடும். அதற்குள் இறங்கிவிட வேண்டும். போகும்போது முந்தல் அடிவாரம் வரைக்கும் மூட்டைகளை என் வண்டியில் கொண்டுபோய் விடுவேன். இறங்கும்போது போய்க் காத்திருப்பேன். ஏறாதவனுக்கு வேறென்ன வேலை? அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பதுதான்.

முந்தலில் மலையடி ஆத்தாளுக்கு ஒரு நடுகல் உண்டு. இறங்கி வருகிறவர்கள் அந்தக் கல்லடியில் கால் வைத்த பிறகுதான் இறங்கியதாகக் கணக்கு. அங்கேயே கல் கூட்டிப் பொங்கல் வைப்பார்கள். இறங்கு பொங்கல் என்று பெயர். ஏறி இறங்கிய ஆளுக்கு ஒரு பிடி அரிசி. கம்பும் சோளமும் தின்கிற வீடுகளில் அரிசி அன்றைக்குத்தான் கண்ணில் படும். உலை கொதித்துக்கொண்டிருக்கும், பெண்கள் பிடி அரிசியை மடக்கிய கையில் வைத்துக்கொண்டு பாதையைப் பார்த்து நிற்பார்கள். ஆள் வந்து கல்லடியில் கால் வைத்ததும் அந்த ஆளின் பிடி உலைக்குள் விழும். கால் படாமல் அரிசி போடக் கூடாது. மலையில் ஆளைப் பறிகொடுத்துவிட்டு வந்த வீடு அந்த வருசம் அடுப்பே மூட்டக் கூடாது.

பொங்கலில் எனக்குப் பங்கு கிடையாது. நான் ஏறாதவன். ஆனால் அடியில் பிடித்த காந்தலை மதினி சுரண்டி ஓர் இலையில் வைத்துத் தருவாள். வெல்லமும் புது ஏலக்காயும் சேர்ந்து காந்தியிருக்கும். அண்ணன் மகன் முத்து பொடியனாக இருந்தபோது என்னைச் சுற்றி ஓடிக்கொண்டே, "ஏறாத சித்தப்புக்குக் காந்தலு, காந்தலு" என்று ராகம் போட்டுப் பாடுவான். அவனுக்குத் தெரியாது, பொங்கலைவிடக் காந்தல்தான் ருசி என்று.

அண்ணன் தை மாதத்தில் மலையிலேயே போய்விட்டார். காய்ச்சல்தான். மேலேயே ஓடையோரம் புதைத்துவிட்டு, மாசியில் எல்லோரோடும் மதினியும் முத்துவும் இறங்கினார்கள். பாதையில் இரண்டு பேரைப் பார்த்து, மூன்றாவது ஆள் எங்கே என்று நான் தேடிக்கொண்டு நின்றேன். மதினி பக்கத்தில் வந்து, "அவரு வரல, கொழுந்தனாரே" என்றாள். நான் வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அழுது நிமிர்ந்து பார்த்தால் மதினி மூன்று கல்லை எடுத்துப் போட்டு அடுப்புக் கூட்டிக்கொண்டிருக்கிறாள்!

கங்காணியின் தாய் ஓடிவந்தாள். "ஏன்டி, புருசன மலையில வச்சுட்டு வந்து பொங்கல் கேக்குதா ஒனக்கு? ஆளு கொறஞ்ச வீடு அடுப்பு மூட்டலாமா?"

"கொறஞ்ச ஆளுக்கு நான் போடலத்தா" என்றாள் மதினி. "நான் எறங்கிட்டேன். எம்புள்ள எறங்கிட்டான். எங்க ரெண்டு பேரையும் ஆத்தா விட்டுட்டால்ல, அதுக்குப் போடுறேன். நல்ல வேளை, பேச்சு நிக்கிறதுக்கு முந்தி அவரு கண்ணத் தெறந்து புள்ளயப் பாத்தாரு."

இரண்டு பிடி போட்டாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டுதான் இருந்தது. ஆனாலும் போட்டாள். ஊர்ப் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நானும்தான். அன்று காந்தலை வாங்க மாட்டேன் என்றேன். அவள் வற்புறுத்தவில்லை, இலையை வண்டியில் என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். வீட்டில் வண்டியை அவிழ்த்ததும் அதை மாடு தின்றது.

அதற்குப் பிறகும் அவள் வருசா வருசம் முத்துவோடு ஏறினாள், இறங்கினாள், இரண்டு பிடி போட்டாள். பற்கள் விழுந்தன. "நல்ல வேளை, கடிக்கிற சோலி மிச்சம்." அந்தக் காலத்தில் குரங்கணிப் பக்கம் மலை மேலிருந்து கம்பி வடம் கட்டித் தேயிலைப் பெட்டிகளை அந்தரத்தில் இறக்கினார்கள். சனங்கள் கூட்டமாகப் போய் வேடிக்கை பார்த்தோம். "பெட்டிக்கு இருக்கிற கொடுப்பினை மனுசனுக்கு இல்ல பாத்தீகளா மதினி" என்றேன். "நல்ல வேளை, நமக்குக் காலாச்சும் இருக்குல்ல" என்றாள். யாரிடம் சொல்கிறாள் பாருங்கள்.

அந்தக் காலும் போனது. ஒரு வருசம் இறங்கி வந்தவளுக்கு முழங்கால் இரண்டும் வீங்கி, மறுபடி மடங்கவேயில்லை. "நல்ல வேளை, ரெண்டும் ஒண்ணாப் போச்சு. ஒண்ணு மட்டும் போயிருந்தா ஒங்கள மாதிரி நொண்டணும்" என்று சொல்லிச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அன்றோடு அவள் மலையேறுவது நின்றது. போடியில் ஏலக்காய் மண்டி ஒன்றில் சுளகும் கையுமாக உட்கார்ந்து, காயைப் புடைத்து, வெடித்த காயையும் கறுத்த காயையும் பொறுக்கும் வேலைக்குப் போனாள்.

முத்து அந்த ஆடியில் தனியாக ஏறினான். அப்போது அவன் நெடுநெடுவென்று வளர்ந்த வாலிபன். காய்ச்சலுக்குத் தபாலாபீசில் விற்கும் கொயினா மருந்துப் பொட்டலத்தை வாங்கி அவன் மடியில் கட்டிவிட்டாள். பழைய கம்பளியின் கிழிசலுக்குத் தன் மஞ்சள் சேலையில் ஒரு துண்டைக் கிழித்து ஒட்டுப்போட்டுக் கொடுத்தாள். "இது என்னத்தா, தூரத்துல பாத்தாப் பூசணிப்பூ மாதிரி இருக்கு" என்றான். "அதுக்குத்தான்டா. நீ எறங்கும்போது எனக்குத் தெரியணும்ல" என்றாள்.

மாசியில் மற்றவர்கள் இறங்கிவிட்டார்கள். முத்து இருந்த தோட்டத்தில் மட்டும் காய் உலர்த்தும் வேலை மிச்சம் இருந்ததால் நாலைந்து பேரை நிறுத்திக்கொண்டார்களாம். பங்குனி பிறந்தது. வெயில் ஏற ஏற மதினி மண்டிக்குப் போவதை விட்டாள். விடிந்தால், "கொழுந்தனாரே, வண்டியப் பூட்டுங்க" என்பாள். முந்தலுக்குப் போவோம். பானையும் வெல்லமும் அரிசி முடிச்சும் அவள் மடியில் இருக்கும். பொழுது சாயத் திரும்பி வருவோம். ஒருநாளும் அவள் கலங்கவில்லை. "நல்ல வேளை, வர்றான் வர்றான்னு இன்னைக்குப் பொழுதும் போச்சு" என்பாள்.

ஒருநாள் இன்னும் இரண்டு வீட்டுப் பெண்களும் வந்து அடுப்பு மூட்டியிருந்தார்கள். மலையின் கடைசி வளைவுகள் அடிவாரத்திலிருந்து நன்றாகத் தெரியும். அங்கே ஆள் தெரிந்தால், கீழே வந்து சேர ஒரு சோறு ஆக்கும் நேரம் பிடிக்கும். நடுப்பகலுக்கு மேல் வளைவில் சிலர் தலை தெரிந்தது. கடைசியில் ஒருவன் கம்பளி போர்த்தியிருந்தான். முதுகில் மஞ்சள் ஒட்டு.

"அந்தா எம்புள்ள!" என்றாள் மதினி. உலை கொதித்துப் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. மடக்கிய கையைத் திறந்தாள். அரிசி உள்ளே போய்விட்டது.

"அடியே, இன்னும் காலு படலையேடி!" என்று பக்கத்து அடுப்புக்காரி கத்தினாள்.

"அதான் வந்துட்டான்ல. நல்ல வேளை, வெயிலு முத்துறதுக்குள்ள எறங்கிட்டான். நல்ல வேளை, ஆத்தா, நல்ல வேளை." கல்லைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டே விறகைத் தள்ளினாள். பல்லில்லாத வாய் முழுக்கச் சிரிப்பு. அண்ணன் இறந்த பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்கும் சந்தோசம் தாங்கவில்லை. மூட்டையை வாங்கிக்கொள்ளலாம் என்று பாதையில் நொண்டிக்கொண்டு எதிரே போனேன்.

கம்பளிக்குள் இருந்தது வேறு ஆள். ராசிங்காபுரத்துப் பையன் ஒருவன். வெயிலில் நின்றுகொண்டு நடுங்கினான். என்னைக் கண்டதும் நின்றுவிட்டான்.

"அண்ணே, நீங்க அவனுக்குச் சித்தப்பாதான?"

"முத்து எங்கப்பா?"

அவன் தலையை அசைத்தான். நான்கு நாளைக்கு முன்பே முடிந்துவிட்டதாம். அண்ணனைப் புதைத்த ஓடைக்கரையிலேயே புதைத்தார்களாம். "கம்பளிய அவுக ஆத்தாகிட்டக் குடுத்துருன்னு தோட்டத்துல சொன்னாக. எனக்கும் நேத்துலருந்து சொரம். குளிரு தாங்காமப் போத்திக்கிட்டேன். தப்புத்தாண்ணே. சுருட்டித் தலையில வச்சுக் கொண்டாந்திருக்கணும்" என்று அழுதான். "நீங்களே சொல்லிருங்கண்ணே. எனக்கு வாய் வரல."

எனக்கு மட்டும் வருமா? திரும்பிப் பார்த்தேன். மதினி வெல்லத்தைத் தட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் கொஞ்ச தூரத்தை நான் எப்படி நடந்தேன் என்று தெரியவில்லை. நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் நிமிர்ந்து கம்பளியைப் பார்த்தாள். அதற்குள் இருந்த முகத்தைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தாள்.

அந்தப் பையன் கம்பளியைக் கழற்றி நீட்டினான். "போத்திக்கய்யா. குளிருதுல்ல ஒனக்கு" என்றாள். அன்று அவள் பேசியது அவ்வளவுதான்.

அந்தப் பையனையும் ஏற்றிக்கொண்டு வண்டியை ஓட்டினேன். மதினி பொங்கல் பானையை மடியில் வைத்துக்கொண்டாள். கொதிக்கிற பானை. கீழே வையுங்கள் மதினி, கை வெந்துபோகும் என்று எத்தனையோ முறை சொன்னேன். வைக்கவில்லை. காதைக் கொடுத்துக்கொண்டே ஓட்டினேன். அந்த இரண்டு வார்த்தையை ஆயுசு முழுக்க வெறுத்தவன் நான். எதையாவது சேர்த்து அதைச் சொல்லிவிட மாட்டாளா என்று அன்று போடி வரும் வரைக்கும் தவித்தேன். சொல்லவில்லை. மறுநாள் பானையோடு அந்தப் பொங்கலைப் புளியமரத்தடியில் புதைத்தேன். காந்தலைச் சுரண்ட யாருக்கும் மனசு வரவில்லை.

ஊர் சும்மா இருக்குமா? கால் படுமுன் அரிசி போட்டாள், அதனால்தான் மலை ஆத்தா ஆளை வைத்துக்கொண்டாள் என்றார்கள். "செத்து நாலு நாளானவன அன்னைக்குப் போட்ட அரிசி எப்படிடி கொல்லும்?" என்று தண்ணீர்த் துறையில் போய்ச் சண்டை போட்டேன். "அதெல்லாம் ஆத்தாளுக்கு முன்னாலயே தெரியும்" என்றார்கள். நொண்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். மதினி எதையும் மறுக்கவில்லை. ஏற்றுக்கொண்டாளா என்பதும் தெரியவில்லை.

ஆடி வந்தது. மறுபடி கூரை பறந்தது. மதினி அண்ணாந்து பார்த்தாள், தலையைக் குனிந்துகொண்டாள். எனக்குப் பொறுக்கவில்லை. "நல்ல வேளை மதினி, மழைக்கு முந்தி..." என்று ஆரம்பித்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் பாதியில் நிறுத்திவிட்டேன். அந்த வார்த்தையைச் சொல்ல எவ்வளவு தெம்பு வேண்டும் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கூரைக்குக் கிடுகு எடுத்துவரப் போனேன். ஐப்பசியில் வீடு ஒழுகியது. மார்கழிப் பனியில் அவள் முழங்கால் இறுகிக் கிடந்தது. பிறகு கண்ணில் புரை விழுந்தது. கண் தெரியாமலே சுளகில் காயைத் தடவித் தடவிப் பொறுக்கினாள். கிழடு தட்டத் தட்ட ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டே இருந்தது. எதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. நானும் ஒன்றும் செய்ய முடியாமல் பக்கத்தில் இருந்தேன். வருசங்கள் அப்படியே போயின.

ஆனால் மாசி பிறந்தால் முந்தலுக்கு வந்துவிடுவாள். எல்லோருக்கும் முதலில் சங்கடமாகத்தான் இருந்தது. பிறகு பழகிப்போனது. யார் அடுப்புக்காவது விறகு தள்ளிக்கொண்டு ஓர் ஓரமாக உட்கார்ந்திருப்பாள்.

கடைசியாக வந்த மாசியில் அவளை நான் கைத்தாங்கலாகத்தான் வண்டியில் ஏற்றினேன். அடிவாரத்துக்குச் சற்று முன்னால், வளைவு தெரியும் இடத்தில், வண்டியை நிறுத்தச் சொன்னாள்.

"ஆளு தெரியுதா, கொழுந்தனாரே?"

"தெரியுது மதினி. ஏழெட்டுப் பேரு."

"கம்பளி போத்தியிருக்காகளா?"

"ம்."

வண்டிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிறகு, "நல்ல வேளை" என்றாள்.

சட்டென்று திரும்பிப் பார்த்தேன். எத்தனை வருசத்துக்குப் பிறகு!

"நல்ல வேளை, அன்னைக்குக் காலு படுறதுக்கு முந்தியே அரிசியப் போட்டுட்டேன்."

"என்ன மதினி பேசுறீக? அதுக்குத்தான ஊரே ஒங்கள..."

"ஊரு கெடக்கு. நான் சொல்றதக் கேளுங்க. மத்தவுக மாதிரி நானும் கைய மடக்கிக்கிட்டே நின்னிருந்தேன்னு வையிங்க. அந்தப் புள்ள வந்து கம்பளிய நீட்டியிருக்கும். அரிசி எங்கையிலயே இருந்திருக்கும். எம்புள்ள எறங்காமலே போயிருப்பான்ல?" புரை விழுந்த கண்ணை மலைப் பக்கம் திருப்பினாள். "இப்ப அப்பிடி இல்ல. அரிசி வெந்து நான் வெல்லம் தட்டிப் போடுற வரைக்கும் அவன் எறங்கிட்டான். அந்த வளைவுலருந்து எங்கிட்டத்தான் வந்துக்கிட்டிருந்தான். நான் கண்ணாலப் பாத்தேன்."

"அது அவன் இல்லையே மதினி."

"அப்ப எனக்குத் தெரியாதுல்ல" என்றாள்.

மாட்டைத் தட்டி விட்டேன்.

அந்த வருசம் கோடையைத் தாண்டினாள். ஆடிக் காற்று ஆரம்பித்தபோது ஒருநாள் காலையில் எழுந்திருக்கவில்லை. கூரை அந்த ஆடியில் பறக்கவில்லை. சொல்லத்தான் ஆள் இல்லை.

மறுமாசியில் நான் மட்டும் வண்டியோடு முந்தலுக்குப் போனேன். ஒரு புதுப் பானையும் கொஞ்சம் வெல்லமும் ஒரு பிடி அரிசியும் கொண்டுபோயிருந்தேன். ஏறாதவன் அடுப்பு மூட்டுவதைப் பெண்கள் வேடிக்கை பார்த்தார்கள். உலை கொதித்தது. பாதையில் யாரும் இல்லை; வளைவுகள் வெறுமையாகக் கிடந்தன. நான் கையைத் திறந்து அரிசியைப் போட்டேன்.

"என்ன பெரியப்பு, யாரு காலும் படலையே?" என்றாள் ஒரு சின்னப் பெண்.

"தெரியும்த்தா" என்றேன்.

அரிசி வேகும் வரைக்கும் மலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெந்ததும் சோற்றை இலையில் எடுத்து நடுகல்லின் அருகில் வைத்தேன். பிறகு பானையை மடியில் சாய்த்துக் காந்தலைச் சுரண்டித் தின்றேன். என் பங்கு எப்போதும் அதுதானே.